ஆத்துமாக்கள் மாதமும் பத்மலோசனியும்

நம் மெட்ராஸில் இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. ஐப்பசி மழையில் எங்கள் சாந்தோம் வீட்டில் உதிர்ந்ததெல்லாம் சுவர்க் காரைதான். ஆனால் பேய்க்கதை படிக்க அதைவிடத் தோதான பருவம் உலகத்தில் எங்கேயும் இருக்க முடியாது. வெளியே மழை, கடல் இரைச்சல். யுத்தகாலம் என்பதால் ஜன்னலெல்லாம் கறுப்புக் காகிதம். உள்ளே என் கையில் ஒரு காதல் பிசாசு. பத்தொன்பது வயதில் நான் சோறு தண்ணீர் இல்லாமல்கூட இருந்திருப்பேன், பிசாசு இல்லாமல் இருந்திருக்க மாட்டேன். (பொய். சோறு இல்லாமல் அரை நாள்கூட இருந்ததில்லை.)

அந்தப் பிசாசு எனக்குக் கிடைத்ததே ஜப்பான்காரன் புண்ணியத்தில். குண்டு பயத்தில் ஊருக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டு டீச்சர், ஒரு கட்டு வாரப் பத்திரிகைகளை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதில் ‘பாழும் பங்களாவில் பத்மலோசனி’ என்றொரு தொடர்கதை. செத்துப்போன ஜமீன்தார் விக்கிரமன் வாராவாரம் கறுப்புச் சால்வை போர்த்திக்கொண்டு வந்து பத்மலோசனியின் கதவைத் தட்டுவான். திறக்கலாமா வேண்டாமா என்று அவள் வாராவாரம் தவிப்பாள். அவ்வளவுதான் கதை. எனக்கோ உயிரே போய்விடும். ஊர் வழக்கப்படி தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து அடுக்கி வைத்தேன். ஆனால் பைண்டு செய்து வீட்டில் வைக்க முடியாதே! பள்ளிக்கூட வாத்தியாரான என் அப்பாவுக்கு நாவல் என்றால் நரகத்துக்கு டிக்கெட்.

கடைசியில் அப்பாவே வழி காட்டினார். எங்கள் கத்தோலிக்க வீடுகளில் நவம்பர் என்றால் இறந்தவர்களின் ஆத்துமாக்களுக்காக வேண்டிக்கொள்கிற மாதம். தினமும் சாயங்காலம் எல்லாரும் முழங்காலில் நிற்க, ஒருவர் அன்றைய தியானத்தை வாசிப்பார். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் மற்றவர்கள் “இரக்கமாயிரும் சுவாமி” என்பார்கள். அந்தத் தியானப் புத்தகத்தின் அட்டை பிய்ந்துவிட்டது, பைண்டு செய்துகொண்டு வா என்று அப்பா என்னைக் கச்சேரி ரோட்டுக்கு அனுப்பினார். நான் பைண்டரிடம் இரண்டு கட்டுகளை நீட்டினேன்.

“ரெண்டுக்கும் ஒரே மாதிரி கறுப்பு காலிகோ துணி அட்டை போடுங்க. ரெண்டு மேலயும் சிலுவை வேணும்.”

பைண்டர் இரண்டாவது கட்டைப் புரட்டினார். “இன்னாம்மா, பங்களான்னு போட்டுக்கீது? இதுக்குமா சிலுவை?”

“உள்ள பிசாசு இருக்குங்க. மேல சிலுவை இருந்தா நல்லதுதானே?”

அவர் பசைக் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் அப்பாவின் கண்ணெதிரிலேயே பத்மலோசனியைப் படித்தேன். “சின்னவளுக்கு இப்பத்தான் பக்தி வந்திருக்கு” என்று அவர் அம்மாவிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். (அந்தப் பாவத்தைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேனா என்று கேட்காதீர்கள்.)

இப்போது என் அக்கா பிலோமினாவுக்கு வருகிறேன். அவளுக்கு இருபத்தைந்து முடிந்திருந்தது. இரண்டு வரன்கள் கை கூடி வந்து கை நழுவிப் போயிருந்தன. மூன்றாவதாக வந்தவர் சின்னமலைக்காரர், துறைமுகத்தில் குமாஸ்தா. திருவிழாவில் அவரை ஒரே ஒரு தரம் பார்த்த நாளிலிருந்து அக்கா காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அவருடைய அம்மா செசிலியம்மாளோ பக்திக்குப் பேர் போனவர். ஆத்துமாக்கள் மாதத்தில் பெண் பார்க்க வரமாட்டேன் என்று முதலில் சொன்னவர், பிறகு, செபத்துக்கு வருகிறேன், வந்த இடத்தில் பெண்ணையும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பினார்.

அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். “ரோஸி, உன் கால்ல வேணாலும் விழறேன். இந்த எடமும் தட்டிப் போச்சுன்னா நான் கன்னியாஸ்திரீ மடத்துக்குத்தான் போகணும். இன்னிக்கு ஒரு நாள் ஒழுங்கா இருடி.”

“நான் எப்ப ஒழுங்கா இல்ல?” என்றேன். அதைச் சொன்ன வாயில் மண்ணைப் போட வேண்டும்.

சாயங்காலம் ஆறு மணி. நல்ல மழை. கூடத்தில் காகிதம் சுற்றிய அரிக்கேன் விளக்கு அழுது வடிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை ஒரு மூலையில், அக்கா எதிர் மூலையில், நடுவில் மாதா சுரூபத்துக்கு நேராகச் செசிலியம்மாள், எல்லாரும் முழங்காலில். “எங்க சின்னவ வாசிச்சா மோட்சத்துக்கே கேக்கும்” என்று பெருமையடித்துவிட்டு அப்பா எனக்குக் கண் காட்டினார். நான் அலமாரியிலிருந்து கறுப்புப் புத்தகத்தை எடுத்து, அந்தோனியார் படத்தை அடையாளமாக வைத்திருந்த பக்கத்தைப் பிரித்தேன்.

‘பாழும் பங்களாவின் கதவு மீண்டும் தட்டப்பட்டது.’

அவசரத்தில் தியானத்துக்குப் பதில் பத்மலோசனியை எடுத்துவிட்டேன்! புத்தகத்தை மாற்றலாம் என்றால், இது என்னவென்று அப்பா கையை நீட்டுவார். அத்தோடு அக்காவின் கல்யாணம் அரோகரா. தியானம் மனப்பாடமாகத் தெரியுமா என்றால், அத்தனை நாளும் அதை எங்கே கவனித்தேன்? சரி, துணிந்தவருக்குத் துக்கமில்லை என்று, விக்கிரமனை ஆத்துமமாகவும் பத்மலோசனியைப் பாவியாகிய நாமாகவும் மாற்றி வாசிக்க ஆரம்பித்தேன்.

“பாழும் உலகத்தின் கதவை ஓர் ஆத்துமம் தட்டுகிறது!”

“இரக்கமாயிரும் சுவாமி.”

“அப்போது பாவியாகிய நாம்... பட்டுச்சேலையைச் சரிசெய்துகொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்றோம்.”

“இரக்கமாயிரும் சுவாமி.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். செசிலியம்மாளின் கையில் உருண்டுகொண்டிருந்த செபமாலை சட்டென்று நின்றது. உருகிவிட்டார் என்று நினைத்து எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

அந்தத் தெம்புதான் என்னைக் கவிழ்த்தது. அது நான் இன்னும் படித்திராத வாரம். விக்கிரமன் கதவுக்கு வெளியே கதறுகிறான், இவள் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். நான் அப்பாவை மறந்தேன், ஆத்துமத்தை மறந்தேன், அக்காவையும் மறந்தேன். நெஞ்சில் கை வைத்து, குரல் தழுதழுக்க, உள்ளது உள்ளபடியே முழங்கினேன்:

“பத்மா! என் பத்மா! எனக்கு உடல் இல்லை. ஆனால் உதடு இருக்கிறது!”

“இரக்கமாயிரும் சுவாமி” என்றது கூடம்.

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது. அப்பா ஒரு கண்ணைத் திறந்தார். அப்புறம் இன்னொரு கண்ணையும் திறந்தார். “சேசுவே, மரியே!” என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். அக்கா என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். அவமானத்தைவிட, அவள் வாழ்க்கையை ஒரு ஜமீன்தார் பிசாசுக்காகக் கெடுத்துவிட்டோமே என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

செசிலியம்மாள் தொண்டையைக் கனைத்தார்.

“இன்னாத்துக்கு நிறுத்திட்ட? வாசி.”

“அம்மா, மன்னிக்கணும், இது தியானம் இல்லீங்க...” என்று அப்பா எழுந்தார்.

“தெரியுது சார். செத்தவனுக்கும் ஆத்துமா கீதில்ல? அவனுக்கும் சேத்து வேண்டிக்குவோம். மண்டி போடுங்க. நீ வாசிம்மா, தொறந்தாளா இல்லியா?”

அப்பா மண்டி போட்டார். நான் கடைசி வரி வரை வாசித்தேன். பத்மலோசனி அந்த வாரமும் கதவைத் திறக்கவில்லை.

“அட போம்மா, இவ்ளோதானா!” என்று செசிலியம்மாள் சலித்துக்கொண்டே சிலுவை போட்டு எழுந்தார். அக்கா கொண்டுவந்த காபியை ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. ஆனாலும் முழுக்கக் குடித்துவிட்டு, “தை மாசம் வெச்சிக்கலாம்” என்றார். எனக்குத் தண்டனையாக, உண்மையான தியானப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை கையால் எழுதச் சொன்னார் அப்பா. எழுதினேன். இன்றைக்கும் அது எனக்கு மனப்பாடம்.

பல வருஷம் கழித்து, சின்னமலை வீட்டில் செசிலியம்மாளோடு தனியாக உட்கார்ந்திருந்தபோது ஒரு நாள் கேட்டேவிட்டேன். “அத்தை, அன்னிக்கு ஏன் கோவிச்சிக்கிட்டு எழுந்து போகல?”

அவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிரங்குப் பெட்டியைத் திறந்து புடவைகளுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். கறுப்பு காலிகோ. மேலே சிலுவை. உள்ளே பத்மலோசனி!

“அந்த ஒரு வாரந்தான் எனக்கு இல்ல. குண்டு பயத்துல ஊருக்கு ஓடிட்டோம். நீ வாயத் தொறந்தவொடனே எனக்குத் தெரிஞ்சி போச்சி. எழுந்து போய்ட்டு இன்னா பண்றது? எம் புள்ளைக்குப் பொண்ணு நூறு கெடைக்கும். அந்த வாரம் எங்க கெடைக்கும்?”

அக்காவோ, தன் காபியைக் குடித்து மயங்கித்தான் மாமியார் சம்மதித்தார் என்று இன்றுவரை பேரப்பிள்ளைகளிடம் அளந்துகொண்டிருக்கிறாள். நான் மறுப்பதில்லை. ஆனால் அவள் வீட்டில் யார் கதவைத் தட்டினாலும், உள்ளேயிருந்து அத்தான் குரல்தான் முதலில் வரும்: “உடல் இருக்கா, உதடு மட்டுமா?”

வீடு மொத்தமும் ஒரே குரலில் சொல்லும்: “இரக்கமாயிரும் சுவாமி!”