காட்டுமாட்டின் வயிற்றில் கை

அறிவைக் காட்டுவதற்கு உலகில் எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. பெண் பார்க்கும் இடம் அவற்றில் ஒன்றல்ல. இந்த உண்மை எனக்கு விளங்கியபோது, என் வலது கை முழங்கைவரை ஒரு செத்த காட்டுமாட்டின் வயிற்றுக்குள் இருந்தது.

எங்கள் பக்கத்தில் முறையாகப் பெண் பார்ப்பதற்கு முன்பு 'யதேச்சையாக'ப் பார்ப்பது என்று ஒரு படி உண்டு. இரு வீட்டாரும் ஏதாவது பொது இடத்துக்கு வந்து, ஒருவரை ஒருவர் தெரியாததுபோல் உலாத்துவார்கள். பிடிக்கவில்லை என்றால் யாரும் யாரையும் பார்க்கவேயில்லை, யாருக்கும் தலைகுனிவில்லை. வழக்கமாகக் கோயில்தான். ஆனால் பெரிய கோயில் நந்தியின் நிழலில் எனக்கு ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. (நந்தியைக் குறை சொல்லக் கூடாது. என் நெற்றி அப்போதே உச்சந்தலையை நோக்கிப் புறப்பட்டிருந்தது.) அதனால் அம்மா இடத்தை மாற்றினாள்.

தஞ்சாவூரில் அப்போது ஒரு பழைய காட்சிக்கூடம் இருந்தது. விக்டோரியா மகாராணி காலத்தில் வேட்டைப் பைத்தியம் பிடித்த ஒரு துரை, தான் சுட்டதையெல்லாம் பாடம்செய்து நிறுத்திவிட்டுக் கப்பலேறியிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புலி, கடைவாய்ப் பல்லில் வலி வந்ததுபோல் நின்றது. இரண்டு கால்களில் நின்ற கரடி, கல்யாண வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு வரவேற்பவர்போலக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. நடுவே, கண்ணாடி ஏதுமில்லாமல், மேடைமேல் ஆளுயரக் காட்டுமாடு.

"தெரியாத மாதிரி நடந்துக்கடா. முக்கியமா வாயத் தொறக்காத" என்றாள் அம்மா. "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே நான் அலையமாட்டேன். நீயாச்சு, உன் புஸ்தகமாச்சு."

நானோ கல்லூரி விரிவுரையாளன். போதாக்குறைக்கு, முந்தின வாரம் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து, விலங்குகளைப் பாடம்செய்யும் கலையைக் கரைத்துக் குடித்திருந்தேன். குடித்ததை எங்கேயாவது கொட்ட வேண்டாமா?

அவர்கள் வந்தார்கள். ஒரத்தநாட்டுப் பக்கம் நெல் விவசாயம் செய்யும் அப்பா. கால்நடை மருத்துவரான மகள். அப்பா புலியை, அடுத்தவர் வயலில் விளைச்சலைப் பார்ப்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். மகள் காட்டுமாட்டின் அருகே வந்ததும், நான் அம்மாவிடம் பேசுவதுபோல் கூடத்துக்கே கேட்கும்படி ஆரம்பித்தேன்.

"அம்மா, இதெல்லாம் வெள்ளைக்காரனோட கலை. நம்மாளுக்கு இந்த வித்தையெல்லாம் தெரியாது."

அம்மா என் காலை மிதித்தாள்.

அந்தப் பெண் தன் அப்பாவிடம் சொன்னாள். (எனக்குத்தான்.) "ஏம்ப்பா, நம்ம கொட்டில்லயும் ஒண்ணு நிக்குதே. கன்னு செத்ததும் தோலுக்குள்ள வைக்கோல அடைச்சு, பசு பால் சுரக்கட்டும்னு நீங்க நிறுத்தி வெச்சது."

"ஆமாம்மா, அதே தினுசுதான்" என்றார் அவர், காட்டுமாட்டைப் பார்த்தபடி.

துரையின் மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பு எப்படியோ என் தலையில் வந்து விழுந்தது. "அம்மா, வைக்கோலும் இதுவும் ஒண்ணா? உள்ள இரும்புச் சட்டம், மரம், சுண்ணாம்பு. தட்டிப் பாத்தா கல்லு மாதிரி சத்தம் வரும்" என்று சொல்லி, மாட்டுச் சந்தையில் பேரம் பேசுபவன்போல அதன் வயிற்றில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

சத்தம் வந்தது. பழைய வேட்டி கிழிகிற சத்தம். வயிற்றுத் தையல் பிரிந்து, துரை காலத்துத் தூசியோடு வைக்கோல் என் கால்மேல் கொட்டியது. பதறிப்போய் அள்ளி உள்ளே திணித்தேன். திணித்த கை திரும்பி வரவில்லை. உள்ளே ஏதோ கம்பியில் கைக்கடிகாரத்தின் பட்டை மாட்டிக்கொண்டிருந்தது. (ஆக, இரும்பு இருந்தது. அதைச் சுட்டிக்காட்ட அது தருணமில்லை.)

"அப்பா, அவரு சினை பாக்குறாரு போல" என்றாள் அந்தப் பெண். "அது காளைன்னு யாராச்சும் சொல்லுங்களேன்."

அதற்குள் காவலாளி ஓடிவந்தார். "யோவ், யாருய்யா நீ? இருக்கிறது ஒரு மாடு, அதையும் கிழிச்சிட்டியா? போலீஸக் கூப்பிடுறேன் இரு!" என்றவர், அவள் அப்பாவிடம் திரும்பினார். "உங்ககூட வந்த ஆளாய்யா?"

அவர் முறை தவறாத மனிதர். "இல்லீங்க. யாருன்னு தெரியலீங்க."

"உங்ககூடவாம்மா?"

பத்து மாதம் சுமந்து பெற்றவள் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "எனக்குத் தெரியாதுப்பா. நான் கரடி பாக்க வந்தேன்."

போலீஸ் வந்தால் கல்லூரிக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். அதன் பிறகு எனக்குப் பெண் கொடுக்க அந்தக் கரடிகூடச் சம்மதிக்காது. தலைகுனிந்து, மாட்டோடு மாடாக நின்றேன்.

"எங்ககூட வந்தவருதாங்க."

அந்தப் பெண்தான் சொன்னாள். "ஏய், என்னம்மா!" என்றார் அவள் அப்பா. அவர் பதறியதில் நியாயமுண்டு. யதேச்சையில் வந்தவர்கள் 'இவர் எங்களோடு வந்தவர்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், எங்கள் பக்கத்தில் அதற்குமேல் தாம்பூலம் மாற்றுவதுதான் பாக்கி.

அவளும் மாட்டின் வயிற்றுக்குள் கைவிட்டு, பார்க்காமலேயே பட்டையைக் கழற்றினாள். "கோணி ஊசியும் சணலும் இருக்குமாங்க?" என்று காவலாளியிடம் கேட்டு வாங்கி, வைக்கோலைத் திரும்ப அடைத்துத் தைத்தும் கொடுத்தாள். நான் கீழே கிடந்ததைப் பொறுக்கிக் கொடுத்தேன். இன்றுவரை எங்கள் குடும்பத்தில் வேலைப் பிரிவினை அதேதான்.

இப்போதும் கல்யாண வீட்டில் நான் யாரையாவது பிடித்து எதையாவது விளக்க ஆரம்பித்தால், மாட்டிக்கொண்டவர் பரிதாபமாகச் சுற்றுமுற்றும் பார்ப்பார். என் மகள் ஓடிப்போய், "மன்னிச்சுக்குங்க, எங்ககூட வந்தவருதாங்க" என்று மீட்டுவிடுவாள்.

பக்கத்து நாற்காலியில் அம்மா இருப்பாள். யாரும் கேட்கமாட்டார்கள். அவளாகவே சொல்வாள்: "எனக்குத் தெரியாதுப்பா. நான் கரடி பாக்க வந்தேன்."