வியாழக்கிழமை சாட்சி சொல்ல வரவேண்டாம், அக்கா

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, மகள் மூவரும் சௌக்கியம். உன் முழங்கால், உன் ரத்த அழுத்தம், உன் பால்கனிச் செடிகள் யாவும் அவ்விதமே சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். விசாரிப்பு முடிந்தது, இனி விஷயம். வியாழக்கிழமை கோர்ட்டுக்கு நீ வரக் கூடாது. டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடு. என் மகள் போனில் கெஞ்சினால் மனம் இளகாதே. அவள் வக்கீல், கெஞ்சுவது அவள் தொழில்.

உனக்கு வழக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நோய் பரவிய அந்த வருடம், அறுபத்தைந்து வயது நிரம்பியவர்கள் வாசற்படி தாண்டக் கூடாது என்று நகராட்சி ஆணை போட்டது. முகக்கவசம் போடு என்றார்கள், போட்டேன். ஆறடி தள்ளி நில் என்றார்கள், எட்டடி தள்ளி நின்றேன். ஊசி போட்டுக்கொள் என்றார்கள், இரண்டு கையையும் நீட்டினேன். ஆனால் நாற்பது வயதுக்காரன் ஊர் சுற்றலாம், நான் மட்டும் அடைந்து கிடக்க வேண்டும் என்றால் அது மருத்துவமா, அவமரியாதையா? முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களைக் கதவைத் திறந்து வெளியே எடுத்தவனை உள்ளேயே இரு என்றால் எப்படி? பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய மூன்று சட்டப் புத்தகங்களைப் படித்தேன். இரண்டில் கடைசிப் பக்கங்கள் இல்லை. இருந்த பக்கங்கள்வரை நியாயம் என் பக்கம்தான் இருந்தது. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, 'வயது குற்றமல்ல' என்று எழுதி, காலை பத்து மணிக்கு நகராட்சி அலுவலக வாசலில் தன்னந்தனியாக நின்றேன்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்கி, "தாத்தா, வீட்டுக்குப் போங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்றார். "தாத்தாங்கிறதுக்கு என் மகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகல சார்" என்றேன். "சரி, வயசு என்ன?" என்றார். அறுபத்தாறு என்று மார்தட்டிச் சொன்னேன். அதையே ஒப்புதல் வாக்குமூலமாக எழுதிக்கொண்டு, ஏற்கெனவே ஏழு பேர் நெருக்கியடித்த வேனில் என்னையும் ஏற்றினார்கள். ஆறடி எங்கே என்று நான் கேட்கும்போதே பக்கத்தில் இருந்தவர் தும்மினார். ஸ்டேஷனில் இறங்கியதும் அந்த வேன் மீது ஒரு புகார் எழுதிக் கொடுத்தேன். ஆக, ஒரே நாளில் குற்றவாளியும் நானே, புகார்தாரரும் நானே. மறுநாளும் பத்து மணிக்குப் போய் நின்றேன். பதினோரு நாள், பதினோரு வழக்கு. பன்னிரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டு அட்டையில் எழுத்தெல்லாம் கரைந்துபோனது. வெற்று அட்டை பிடித்ததற்கு வழக்குப் போட முடியாது என்று அந்த இன்ஸ்பெக்டரே குடை பிடித்து வீடுவரை கொண்டுவந்து விட்டார்.

முதல் விசாரணை வீடியோவில் நடந்தது. போனை நான் பிடித்த லட்சணத்தில் நீதிபதிக்கு இருபது நிமிடமும் எங்கள் வீட்டு ஃபேன்தான் தெரிந்திருக்கிறது. அது தெரியாமல் நான் அடிப்படை உரிமைகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். "ஃபேனில் தூசி நிறைய இருக்கிறது, குற்றம்சாட்டப்பட்டவர் முகத்தைக் காட்டவும்" என்றார் அவர். அந்த நேரம் பார்த்து உன் தம்பி பெண்டாட்டி, "என்னங்க, டேங்க் வழியுது, மோட்டாரை நிறுத்திட்டு வந்து சண்டை போடுங்க" என்று குரல் கொடுத்தாள். "நிறுத்திவிட்டு வரலாம், அனுமதிக்கிறேன்" என்றார் நீதிபதி. மூன்று வருடத்தில் எங்களுக்குச் சாதகமாக வந்த ஒரே உத்தரவு அதுதான்.

பிறகு நீதிபதிகள் மாறினார்கள், நோயும் போனது, ஆணையையும் ரத்து செய்தார்கள். கூட வேனில் வந்தவர்கள் மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அரசு வக்கீல் என்னை வராந்தாவில் ஓரம்கட்டி, "பெரியவரே, வருத்தம் தெரிவிக்கிறேன்னு ஒரே ஒரு வரி, பதினொண்ணையும் மூடிடலாம்" என்றார். "சீக்கிரம் எழுதிக் கொடுங்க சார், மூணு வருஷமா அதுக்குத்தான் காத்திருக்கேன்" என்றேன். இப்போது வந்திருக்கும் அம்மா நல்ல நீதிபதி. வயதை மட்டும் காரணம் காட்டி ஒருவரை வீட்டுக்குள் அடைக்கலாமா என்ற கேள்விக்கு வியாழக்கிழமை பதில் சொல்கிறேன் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அக்கா, அந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவும். ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, பதில் வர வேண்டும்.

அதில்தான் நீ மண்ணைப் போட்டாய். போன வாரம் என் மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தவள், பள்ளிக்கூடத்தில் என் வயதை இரண்டு வருடம் மாற்றி எழுதியதாகச் சொல்லியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் கூட்டித்தானே எழுதுவார்கள். என் மகள் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தாள். "அப்பா, அப்ப உங்களுக்கு அறுபத்துநாலுதான். அந்த ஆணை உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. அத்தை வந்து சொன்னா பத்தே நிமிஷத்துல விடுதலை" என்று சொல்லி, மனுவும் போட்டுவிட்டாள். விடுதலையாம். கேள்விக்குப் பதில் சொல்லாமலே நீதிபதி அம்மா வழக்குக் கட்டை மூடி வைத்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரன் பல்வலிக்கு நான் பல்லைப் பிடுங்கிக்கொண்ட கதையாகிவிடும். "விடுதலை வேண்டாம்னு மல்லுக்கு நிக்கிற ஒரே மனுஷன் நீங்கதான்" என்கிறாள் உன் தம்பி பெண்டாட்டி. இருந்துவிட்டுப் போகிறேன்.

ஆகையால் அக்கா, வியாழக்கிழமை நீ வீட்டை விட்டு வெளியே வராதே. உன் வயதுக்குப் பயணம் ஆகாது. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். உன் பிள்ளைக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள். உன் ஆசி எனக்கு என்றும் வேண்டும், சாட்சியம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
அன்றும் இன்றும் பணியாத உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அழைப்பு மணி அடித்தது. திறந்தால் பையோடு நீ நிற்கிறாய். கடிதத்தைக் கையிலேயே கொடுத்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்து முடித்து, "எழுபத்தாறு வயசுக்காரியை வெளிய வராதேங்கிறியே, நகராட்சிக்கு இந்த யோசனை குடுத்ததே நீதானாடா?" என்று கேட்டாய். நான் உன் பையை வாங்கி உள்ளே வைத்தேன். அப்புறம் மகள் பக்கம் திரும்பி, "கூட்டி எழுதினாங்கன்னு உனக்கு யாருடி சொன்னா? இவன் பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு ரெண்டு வருஷம் கட்டிலுக்கு அடியில கிடந்தான். எட்டு வயசுப் பையனை ஒண்ணாம் வகுப்புல சேர்க்க மாட்டேன்னாங்க. ஆறுன்னு நான்தான் குறைச்சுச் சொன்னேன்" என்றாய். அப்படியானால் அன்று எனக்கு அறுபத்தெட்டு. ஆணை எனக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பொருந்துகிறது. மகள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் உன் தம்பி பெண்டாட்டியின் கையைப் பிடித்துக் கூடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தேன். எனவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். வியாழக்கிழமை நீ கட்டாயம் வர வேண்டும், கூண்டில் ஏறி உரக்கச் சொல்ல வேண்டும். இதை உள்ளறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கூடத்தில் நீ, சாட்சியாக வருகிறவளைக் குற்றவாளியாகவும் சேர்த்துக்கொள்வார்களா என்று என் மகளை ஆவலோடு கேட்பது காதில் விழுகிறது. சட்டத்தில் இடமில்லை அத்தை என்கிறாள் அவள். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, காட்டு என்கிறாய் நீ.