வெற்றிகரமான பின்வாங்கல்

தப்பு முழுக்க அந்தப் புத்தகத்தை எழுதியவர் மேல்தான். யாரோ, எவரோ. பெயர் இருந்த பக்கம் கிழிந்துபோயிருந்தது. ஒரு குடும்பஸ்தனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு அந்த ஆள் எங்கோ நிம்மதியாகக் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்.

பக்கிரிசாமி அதை பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கியதே அட்டையைப் பார்த்து ஏமாந்துதான். 'வெற்றிகரமான பின்வாங்கல்' என்று இருந்தது. பழைய மேசை நாற்காலி வாங்கி விற்றே கிள்ளானில் வீடு கட்டியவர் அவர். முதலில் வாங்காதே, பின்னால் வாங்கு. வேண்டாம் என்று நட, கடைக்காரன் கூப்பிடுவான், அப்புறம் திரும்பு. அடிபட்டு அவர் படித்த ஒரே படிப்பு அது. அதற்கு ஒருவர் புத்தகமே போட்டிருக்கிறாரே!

வீட்டில் பிரித்தால் துப்பாக்கியும் கப்பலும். முதல் உலகப் போரில் கலிப்போலிக் கடற்கரையில் மாட்டிக்கொண்ட படை, எதிரிக்குத் தெரியாமல் கழன்றுகொண்ட வரலாறு. ஒரு கத்து கத்தினார். பிறகு, காசு கொடுத்தாயிற்றே என்று மனைவி வீரம்மாவுக்கு வாய்விட்டுப் படித்தார். அவள் பயற்றங்காய் நறுக்கியபடி கேட்டாள்.

"டின்னுல தண்ணி சொட்டும். நெறைஞ்சதும் அந்தக் கனம் விசைய இழுத்து, துப்பாக்கி தன்னால வெடிக்கும். ஆளு இருக்கான்னு எதிரி நெனச்சுக்கிட்டிருப்பான். இவன் கப்பல்ல போய்க்கிட்டிருப்பான்!"

"கெட்டிக்காரனுங்க," என்றாள் வீரம்மா.

கிளம்பும்முன் அந்தச் சிப்பாய்கள், செத்துப்போன கூட்டாளிகளின் கல்லறைகளைச் சீர்செய்தார்கள். தாங்கள் போகும் காலடிச் சத்தம் செத்தவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று கலங்கினார்கள். அந்த இடத்தில் பக்கிரிசாமியின் குரல் தடுமாறியது.

"கண்ணுல தூசி லா," என்றார்.

வீரம்மாவின் கத்தியும் நின்றது. "விட்டுட்டுப் போறது லேசு இல்லைங்க," என்றாள். சிப்பாய்களைப் பற்றிச் சொல்கிறாள் என்றே அவர் நினைத்தார்.

மறுநாள் மழை. வாசல் வடிகால் பொங்கியது.

"பூச்சோங்குல சந்திரகலா அவ பக்கத்து யூனிட்டப் பேசி வெச்சிருக்கா. எட்டாவது மாடி. மக பக்கத்துல போயிடலாம்," என்றாள் வீரம்மா.

"எட்டாவது மாடியில புறாதான் குடியிருக்கும்!"

"போன வெள்ளத்துல நீங்க ஈப்போ ஏலத்துல நின்னீங்க. மேசை மேல ஏறி நின்னது நான்."

பக்கிரிசாமிக்கு ஒரு வழக்கம் உண்டு. பதில் இல்லாவிட்டால் கத்துவார். கத்தலும் எடுபடாவிட்டால் நடப்பார்.

"அப்ப நான் போறேன்! வீட்டை விட்டே போறேன்!"

பையைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் மெதுவாக, மிக மெதுவாக நடந்தார். கூப்பிடத்தான் செய்தாள்.

"ஏங்க! குடைய மறந்துட்டீங்க."

பிரிக்பீல்ட்ஸில் நண்பர் தம்புசாமி வீட்டில் முகாம் போட்டார். வேவு பார்க்க, பக்கத்து வீட்டு லோகேஸ்வரிக்குத் தினமும் போன்.

"வீரம்மா அழுவுதா?"

"தெரியல அங்கிள். வெளக்கு எரியுது. ரேடியோ பாடுது. கொடியில உங்க சட்டை காயுது."

"சட்டையத் தொவச்சிருக்கா! எறங்கி வந்துட்டா பாத்தியா!"

அடுத்த நாளும் சட்டை காய்ந்தது. அதற்கடுத்த நாளும் அதே சட்டை. அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை.

போன் மட்டும் வரவேயில்லை. ஒரு கடைக்காரன் கூப்பிடாவிட்டால் அடுத்த கடை இருக்கும். இதற்கு அடுத்த கடை எங்கே இருக்கிறது? தம்புசாமி வீட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அன்றைக்கே கிள்ளானுக்கு ரயிலேறினார்.

கேட்டில் புதுப் பூட்டு. "வீரம்மா!" என்றார். ரேடியோதான் பதில் சொன்னது.

ஜன்னல் வழியே பார்த்தார். வெறும் தரை. நடுவில் ரேடியோ. அலமாரியும் சோபாவும் மறைத்திருந்த சுவரில், வெள்ளம் நின்ற கறை ஒரே கோடாக ஓடியது. அவருடைய நெஞ்சு உயரம். வீரம்மா அவரைவிடக் குள்ளம். அந்தக் கோட்டை முழுசாக அவர் இன்றுதான் பார்த்தார்.

பிறகு போன் போட்டார். "எங்க இருக்கே?"

"பூச்சோங்குல. எதிரிக்குத் தெரியாம வந்தாச்சு. ஒரு கரண்டிகூட சேதம் இல்ல."

"அந்தப் பொண்ணு லோகேஸ்வரி..."

"நான் சொல்லச் சொன்னதத்தான் சொன்னா. பாவம், திட்டாதீங்க."

"என்னை விட்டுட்டுப் போயிட்டியே!"

"நீங்கதானே முதல்ல கப்பல் ஏறினீங்க?" என்றாள். "சத்தம் காட்டாமத்தான் வந்தேன். அந்த வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு."

பின்னால் ஒரு லோரி வந்து நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். கையில் புதுப் பூட்டின் சாவி.

"பக்கிரிசாமி அங்கிளா? ஆன்டி மிச்சத்த ஏத்திட்டு வரச் சொன்னாங்க. ரேடியோ, சட்டை, நீங்க. மொத்தம் மூணு சாமான். பேரம் பேசாதீங்க அங்கிள், அவங்க பேசி முடிச்சிட்டாங்க."

ஐயா, புத்தகம் எழுதியவரே! பின்வாங்குவது எப்படி என்று அத்தனை பக்கம் எழுதினீரே, பின்வாங்கினவன் திரும்பிப் போய் வாசலில் நின்றால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வரி எழுதினீரா? பக்கிரிசாமி மடியில் ரேடியோவோடு லோரியில் உட்கார்ந்துவிட்டார். பூச்சோங் வருவதற்குள் அந்த வரியை எழுதிக் கொடுத்துவிடும்!