நாக்கு மெக்கானிக் விழுங்கிய கோளாறு

மலாயாவின் நெகிரி செம்பிலானில் ஓடிய அத்தனை கார்களின் ருசியும் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் ரப்பர் தோட்டத்து நாக்கு மெக்கானிக்தான். மற்றவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக் கோளாறு சொல்வார்கள். இவர் எதையும் நக்கிப் பார்த்துத்தான் சொல்வார். ஒருமுறை பேட்டரித் தண்ணீரை நக்கிவிட்டு ஒரு வாரம் பேச முடியாமல் கிடந்தார். தோட்டம் அமைதியாக இருந்தது.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் பெட்ரோல் ஏது? ரப்பர் கட்டிப்பாலைப் பீப்பாயில் போட்டுக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து எண்ணெய் எடுத்தோம். அது என் வேலை. இரண்டு முறை காய்ச்ச வேண்டும்; இல்லாவிட்டால் எண்ணெயில் பிசின் தங்கிவிடும். ஒருநாள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்து, "என்னப்பா, ரெடியா?" என்றார். இன்னும் ஒரு முறை பாக்கி என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டேன்.

அந்த எண்ணெய் ஜப்பான் அதிகாரியின் காருக்குப் போயிற்று. வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய கார் அது. தோட்டத்து வாசல் மேட்டில் ஏறும்போதே விக்கியது, இருமியது, நின்றுவிட்டது.

அதிகாரி வாளைத் தட்டிக்கொண்டு கத்தினார். கிராணி எங்களுக்கு மொழிபெயர்த்தார்: "எண்ணெயில கோளாறுன்னா, காய்ச்சினவன் தலை இருக்காதாம்."

நான் கூட்டத்தின் பின்வரிசைக்கு நகர்ந்துகொண்டேன்.

நாக்கு மெக்கானிக் வந்து ப்ளக்கைக் கழற்றி நக்கினார். "பொறியில குத்தமில்ல." இன்ஜினை மெதுவாக ஓடவிட்டார்; ஓடியது. எக்சிலேட்டரை மிதித்தார், விக்கியது.

"சும்மா நின்னா ஓடுது, மிதிச்சா சாவுது. எண்ணெ ஏறல லா."

கார்புரேட்டரைப் பிரித்தார். எண்ணெய் வரும் துளையில் ரப்பர்ப் பிசின் மிளகு போல உருண்டு அடைத்திருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிசினை எடுத்து நாக்கில் வைத்தார். அவர் எதையும் நக்குவார் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. மென்றார். விழுங்கினார்.

"என்ன கோளாறு?" என்றார் கிராணி.

"வெள்ளைக்காரன் காருங்க. ஐயாவுக்கு மரியாதை குடுக்க மாட்டேங்குது. டேங்க்ல இன்னும் துரை வாசம் போகல. கழுவிடுறேன்."

கிராணி அதை அப்படியே ஜப்பான் மொழியில் சொன்னார். அதிகாரி காரின் முன்மூடியில் பளார் பளாரென்று இரண்டு அறை விட்டார். எங்களுக்குக் கொடுக்கும் அதே அறை. டேங்கைக் கழுவி, முன்பு இரண்டு முறை காய்ச்சி மீதம் வைத்திருந்த எண்ணெயை ஊற்றியதும் கார் மேடேறிப் போய்விட்டது. அறைக்குப் பயந்துதான் திருந்தியது என்று அதிகாரி கடைசிவரை நம்பினார்.

மெக்கானிக்குக்கு மூன்று நாள் எதுவும் இறங்கவில்லை. நான் மரவள்ளிக் கஞ்சி கொண்டுபோவதும் திருப்பிக் கொண்டுவருவதுமாக இருந்தேன். நான்காம் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"உப்பே இல்லடா! இத மனுசன் குடிப்பானா?"

அந்தத் திட்டைக் கேட்கத்தான் மூன்று நாளும் சாமி கும்பிட்டிருந்தேன்.