ஏழாம் கோட்டைக் கதவும் இதர விஷயங்களும்

பினாங்கு ஜெலுத்தோங் அடுக்குமாடியில் ஆறாவது மாடியில் குடியிருந்த தவமணிக்கு ஒரே ஒரு கவலைதான். நல்லம்மாள் ஆறு வருஷமாக ஒரு கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறாள். கை வலிக்காதா?

நல்லம்மாள் சொந்தக்காரி இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கிறவள். திருநாவுக்கரசு என்பவர் சூலியா தெருவில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, 'ஏழு கோட்டை' என்று ஒரு விளையாட்டைத் தமிழில் செய்து டிஸ்க்கில் போட்டு விற்றார். அதில் நாமே ஒரு ஆளை உண்டாக்கிப் பெயர் வைக்க வேண்டும். அதற்கப்புறம் அந்த ஆள் நாம்தான். சோறு போட வேண்டும், வாள் பழக்க வேண்டும், பேய் பிசாசிடம் நாலு அடி வாங்க வைத்துத் தேற்றி ஆளாக்க வேண்டும். முதல் பாகத்தில் தண்ணீர்க்குடம் சுமந்துகொண்டு வந்த நல்லம்மாள், இரண்டாம் பாகம் முடிவதற்குள் ஆறு கோட்டைகளைப் பிடித்துவிட்டாள். வலிமை தொண்ணூற்றொன்று. பொறுமை நூறு. பொறுமையை நூறாக்குவது லேசான வேலையில்லை. அப்போது தவமணிக்குக் கைக்குழந்தை வேறு.

கடைசியில் ஏழாம் கோட்டை வாசலுக்குப் போய் நல்லம்மாள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். 'கதவு திறக்கப் போகிறது. மூன்றாம் பாகத்தில் காண்க' என்று திரையில் எழுத்து வந்தது.

மூன்றாம் பாகம் வரவில்லை. திருநாவுக்கரசு கோலாலம்பூருக்குப் போய்விட்டார். கைக்குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போனது. அதற்குத் தம்பியும் பிறந்தான். நல்லம்மாள் இருந்த டிஸ்க்கைத் தவமணி பிஸ்கட் டின்னில், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களுக்கு நடுவே வைத்துப் பாதுகாத்தாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஒரு நாள் அவள் புருஷன் அர்ஜுனன் வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னான்:

"உன் ஆளுக்கு விடிஞ்சிருச்சு லா. திருநாவுக்கரசு திரும்பி வந்துட்டாராம். மூணாம் பாகம் செய்யப் போறாராம்."

தவமணி அடுப்பை அணைத்துவிட்டு டின்னைத் திறந்து பார்த்தாள். டிஸ்க் பத்திரமாக இருந்தது.

பினாங்கில் யாரும் ஒன்றுக்குச் சும்மா ஆசைப்பட்டுவிட முடியாது. அதற்கொரு சங்கம் வேண்டும். 'ஏழு கோட்டை ரசிகர் நலன் மற்றும் மீட்புச் சங்கம்' அந்த வாரமே உதயமானது. சங்கம் என்றால் தலைவர் ஏரம்பமூர்த்திதான். ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. ஏற்கெனவே ஒன்பது சங்கங்களுக்குத் தலைவர். பத்தாவதற்கு இடம் வைத்திருந்தார்.

"ஐயா இந்த விளையாட்ட ஆடியிருக்கீங்களா?" என்று கேட்டார், சூலியா தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த செயலாளர் முகம்மது சுல்தான்.

"இல்ல. ஆடினவனுக்குப் பாசம் வந்துடும். தலைவர் நடுநிலையா இருக்கணும்."

எல்லாரும் கை தட்டினார்கள்.

கூட்டங்கள் சுல்தான் கடையின் மேல்மாடியில், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு. முதல் கூட்டத்தில், வராமற்போன மூன்றாம் பாகத்துக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது. இரண்டாம் கூட்டத்தில் சங்கத்தின் பெயரில் 'மற்றும்' வேண்டுமா என்று விவாதித்தார்கள். வேண்டும் என்பது மூன்றாம் கூட்டத்தில் முடிவானது.

தவமணி எல்லாக் கூட்டத்துக்கும் போனாள். வாய் திறந்து பேச வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் சொல்ல வந்தது மறந்துவிடும். ஆகையால் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சுல்தானிடம் நீட்டினாள். 'என் நல்லம்மாள் பழைய டிஸ்க்கில் இருக்கிறாள். புதிதாக ஒருத்தி வேண்டாம். அவளையே உள்ளே விட வேண்டும்.'

சுல்தான் படித்துவிட்டுத் தலையாட்டினார். "நியாயமான விஷயம் தங்கச்சி. இதர விஷயங்கள்ல போட்டுடறேன்."

இதர விஷயங்கள் எப்போதும் பட்டியலில் கடைசி. ஆறு மணிக்குக் கடையைப் பூட்ட வேண்டும். அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்த கூட்டம் ஒன்றுகூட இல்லை. 'நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது' என்று சுல்தான் ஒவ்வொரு தடவையும் அழகான கையெழுத்தில் எழுதுவார். தவமணி பிளாஸ்கையும் குவளைகளையும் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். கோப்பி அவள் பொறுப்பு. அதை யார் முன்மொழிந்தார்கள் என்று குறிப்பில் இல்லை.

ஐந்தாம் கூட்டத்தில் ஏழாம் கோட்டைப் பூதத்துக்கு எத்தனை கை என்ற சண்டை வந்தது.

"எட்டு!" என்றாள் குணவதி. இவள் அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து படகு பிடித்து வருகிறவள். "அப்புறம், பொம்பளைங்க சேலை கட்டிக்கிட்டுச் சண்டை போட முடியாது. பஞ்சாபி சூட் வேணும். இப்ப யார்ண்ணே சேலை கட்றாங்க?"

"பூதத்துக்குமா பஞ்சாபி சூட்?" என்றார் சுல்தான்.

"கிண்டல் வேணாம் லா."

"அமைதி! கையை ஆராய ஒரு துணைக்குழு, சூட்டை ஆராய ஒரு துணைக்குழு," என்றார் ஏரம்பமூர்த்தி. "முன்மொழிகிறேன். வழிமொழிபவர்?"

பத்தாம் கூட்டத்துக்குத் திருநாவுக்கரசே வந்தார். கோட்டு போட்டிருந்தார். செங்கல் அளவுக்கு ஒரு ஹேண்ட்போனை மேசைமேல் நிமிர்த்தி வைத்தார். அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷத்தில் தொலைநோக்கு இல்லாத மனிதர் நாட்டிலேயே கிடையாது. ஜெலுத்தோங் பாசாரில் மீன் வெட்டுகிறவர்கூட 'இருபத்தோராம் நூற்றாண்டை நோக்கி' என்று பலகை மாட்டியிருந்தார். திருநாவுக்கரசிடம் இரண்டு தொலைநோக்கு இருந்தது.

"என் தொலைநோக்கு, மல்டிமீடியா," என்றார். கை தட்டினார்கள். "அதுக்கும் மேல, முப்பரிமாணம்." பலமாகத் தட்டினார்கள்.

"கதவு திறக்குமாண்ணே?" என்றார் சுல்தான்.

"கதவு என்பது பழைய சிந்தனை."

தவமணிக்கு நல்லம்மாளின் கை நினைவு வந்தது. கேட்டே தீர வேண்டும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அறையே திரும்பிப் பார்த்தது.

"வந்து..."

"ஆமாம்மா, நானே சொல்ல நெனச்சேன்," என்றார் ஏரம்பமூர்த்தி. "கோப்பி கொண்டாந்துடு."

கொண்டு வந்தாள். திருநாவுக்கரசு ஒரு மடக்குக் குடித்துவிட்டு அறிவித்தார்: "ரசிகர் குரல்தான் எனக்கு வேதம். உங்க விருப்பத்த எல்லாம் எழுத்துல கொடுங்க. ஒரு எழுத்தும் மாத்தாம அப்படியே செய்வேன்."

எழுத்தில் என்றதும் ஏரம்பமூர்த்திக்குப் பதினைந்து வயது குறைந்துவிட்டது. பதினாலு கூட்டம் முடிந்ததும், பதினாலு கூட்டத்தின் குறிப்புகளையும் மூன்று பிரதி எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் ரப்பர் சாப்பு முத்திரை குத்தி, சிவப்பு நாடா கட்டி அனுப்பினார்.

திருநாவுக்கரசு கட்டைப் பிரிக்கவில்லை. அவருக்குப் பேட்டிகள் இருந்தன. புதிதாக வேலைக்கு வைத்த எட்டுப் பேரிடம் அப்படியே கொடுத்தார். அவர்கள் வெளிநாட்டில் படித்தவர்கள், பழைய பாகங்களைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. கட்டைத்தான் கதை என்று நினைத்தார்கள். "இவ்வளவு சண்டை உள்ள கதைய நாங்க படிச்சதே இல்ல," என்று அவர்களில் மூத்தவன் வியந்தானாம்.

அடுத்த வருஷம் வெளியீட்டு விழா. மண்டபத்தில் மாலை, பொன்னாடை, ஏழு வாழ்த்துரை. மேடையில் பெரிய திரை. யார் முதலில் ஆடுவது? ஏழு வருஷமாக டிஸ்க்கைப் பத்திரமாக வைத்திருந்தது தவமணி ஒருத்திதான். பிறர் டிஸ்க்குகள் பூஞ்சை பிடித்துப்போயிருந்தன. அர்ஜுனன் பின்னாலிருந்து தள்ள, தவமணி தலை குனிந்தபடி மேடை ஏறினாள்.

'பழைய ஆள் உண்டா?' என்று திரை கேட்டது.

டிஸ்க்கைப் போட்டாள். நல்லம்மாள் வந்தாள்! வலிமை தொண்ணூற்றொன்று, பொறுமை நூறு. தாழ்ப்பாளில் அதே கை. கிறீச்சென்று, மல்டிமீடியாவாக, முப்பரிமாணத்தில் கதவு திறந்தது. தவமணிக்குக் கண் கலங்கியது.

உள்ளே ஒரு நீள மேசை. தலைமாட்டில் எட்டுக் கைப் பூதம், பஞ்சாபி சூட்டில், கழுத்தில் மாலையோடு.

'கூட்டம் மாலை மணி நான்குக்கு இனிதே தொடங்கியது,' என்றது பூதம்.

நல்லம்மாள் வாசலில் நின்றபடியே வாளை ஓங்கினாள். திரையில் எழுத்து வந்தது: 'பூதத்தை வெட்ட முன்மொழிந்தவர், நல்லம்மாள். வழிமொழிபவர்?'

யாரும் இல்லை. வாள் தானாக உறைக்குள் போய்விட்டது. 'ஒன்று: காத்திருக்கவும். இரண்டு: கோப்பி கலக்கவும்.'

தவமணி இரண்டை அழுத்தினாள். பூதம் குடித்துவிட்டு மகிழ்ந்து அடுத்த அங்கத்துக்குப் போனது. மௌன அஞ்சலி வந்தது. 'மற்றும்' வந்தது. துணைக்குழுக்கள் வந்தன. பதினாலு கோப்பி கலக்கிய பிறகு கடைசிப் பக்கம் வந்தது.

'இதர விஷயங்கள்: நல்லம்மாளை உள்ளே விடுதல். நேரமின்மையால் நான்காம் பாகத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது.'

கதவு சாத்திக்கொண்டது. நல்லம்மாள் வெளியே நின்றாள். தாழ்ப்பாளில் கை.



"எவ்வளவு தத்ரூபம்!" என்று ஏரம்பமூர்த்தி கண்ணைத் துடைத்தார். "ஆயுசுல நான் ஆடின முதல் விளையாட்டு!"

"நீங்க எங்க ஆடினீங்க? அந்தப் பூதமே நீங்கதான்!" என்று கத்தினாள் குணவதி.

"பஞ்சாபி சூட் உங்களோடது தங்கச்சி," என்றார் சுல்தான். சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து வழுக்கிப் போயிருந்தார்.

திருநாவுக்கரசு கும்பிட்டபடி நின்றார். "ஒரு எழுத்தும் மாத்தல."

"நான்காம் பாகத்துக்கு உடனே ஒரு குழு அமைக்கணும்," என்று ஏரம்பமூர்த்தி எழுந்தார். "முன்மொழிகிறேன். வழிமொழிபவர்?"

எல்லாருக்கும் இப்போதுதான் புத்தி வந்திருந்தது. ஒருத்தர் கூரையைப் பார்த்தார், ஒருத்தர் செருப்பைத் தேடினார். 

தவமணி திரையைப் பார்த்தாள். அந்தக் கையைப் பார்த்தாள்.

"வழிமொழிகிறேன்."

"நீயா?" என்றான் அர்ஜுனன்.

"ஆனா ஒண்ணு," என்றாள். மண்டபமே திரும்பிப் பார்த்தும் சொல்ல வந்தது மறக்கவில்லை. "இனிமே இதர விஷயங்கள்தான் முதல்ல வரணும். அது முடிஞ்சாத்தான் கோப்பி."

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. குணவதி விசில் அடித்தாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஏரம்பமூர்த்தியும் மறுக்கவில்லை. பேனாவைத் திறந்து, குறிப்பேட்டைப் புரட்டிப் புரட்டி, அதை எங்கே எழுதுவது என்று யோசித்து, முறைப்படி உரிய இடத்தைக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டார்.

கடைசிப் பக்கத்தில், இதர விஷயங்களுக்குக் கீழே.