மாதாவைச் சேற்றில் நிறுத்திய வாத்தியார்

குவாப்பி,
டிசம்பர் 9

அன்புள்ள தம்பி எவாரிஸ்தோவுக்கு அக்கா எஸ்தோலியா எழுதுவது. பொகோட்டாக் குளிரில் நீயும் பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன். நான் நலமில்லை. குரல் போய்விட்டது, அதனால்தான் தொலைபேசியில் கூப்பிடாமல் எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் மாதாவின் தெப்பம். கடல் ஏறும் நேரத்தில் புறப்பட்டால்தான் நம் ஆற்றில் தண்ணீர் இருக்கும் என்பது தொட்டில் குழந்தைக்கும் தெரியும். விழாக்குழுத் தலைவர் ஹாமில்டன் வாத்தியாருக்குத் தெரியவில்லை. நாலு மணிக்குத் தெப்பத்தை விட்டார். நான் மாதாவின் அங்கியைச் சரிசெய்துகொண்டிருந்தேன், இல்லாவிட்டால் தடுத்திருப்பேன். நடு ஆற்றில் சேறு பிடித்துக்கொண்டது, மாதாவை, மரிம்பா வாத்தியத்தை, மேளக்காரர்களை, பாட வந்த பதினோரு பெண்களை, என் வெள்ளைச் செருப்பை. நேரம் குறித்தது யார் என்று வாத்தியாரைக் கேட்டேன். "பெரியவங்க ஒருத்தர் சொன்னாங்கம்மா" என்றார், தோரண ஓலையைப் பார்த்துக்கொண்டே. கன்னியாஸ்திரீகளிடம் படித்திருந்தால் முழுப் பதில் வந்திருக்கும்.

தாலாட்டைத் தொடங்கிவிட்டால் மாதா கரையேறும்வரை நிறுத்தக் கூடாது அல்லவா? ஐந்து மணி நேரம் பாடினோம். ஊரே கரையில் மெழுகுவத்தியோடு நின்று சிரித்தது. மூன்றாவது மணி நேரத்தில் என் தொண்டை அடைத்தது. ஒன்பது வருடமாக நான் பேசாத செனைதா, "நீங்க உக்காருங்கக்கா, மாதா கோவிச்சுக்க மாட்டா" என்று முதல் குரலை எடுத்துக்கொண்டாள். நன்றாகவே பாடினாள், அதுதான் எரிச்சல். இனிமேல் அவளே முதல் குரல் என்று பேச்சு. நம் பாட்டியின் பாட்டி அடிமையாக இந்த ஆற்றில் தங்கம் அரித்த காலத்திலிருந்து அது நம் வீட்டுக் குரல். பாதிரியாருக்கு உடனே எழுது: வாத்தியார் போக வேண்டும், என் இடம் எனக்கு வேண்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் முழங்காலிட்டுத்தான் ஜெபிக்கிறார்களா என்று பார்த்துக்கொள். மாதா உங்களைக் காக்கட்டும்.

அக்கா எஸ்தோலியா

பி.கு.: உறையை ஒட்டுமுன் செனைதா வந்தாள், தேங்காய்ப்பால் மீன்சாற்றோடு, என் தொண்டைக்காம். கடல் ஏறி இறங்கும் நேரம் அச்சடித்த என் சமையலறைக் காலண்டரைப் பார்த்தவள், "இது போன வருஷத்துதாச்சே" என்றாள். மாதா படம் அழகாக இருக்கிறதென்று நான் கழற்றாமல் விட்டது. அக்டோபரில் வாத்தியாரின் மனைவி வந்து தெப்பத்தன்று தண்ணீர் எப்போது ஏறும் என்று கேட்டதும், அதைப் பார்த்து நாலு மணி என்று நான் சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. "தண்ணி வத்துறது எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுதுக்கா. நீங்க சொன்ன நேரமாச்சே, யாரு வாயைத் திறப்பா?" என்றாள் செனைதா.

பாதிரியாருக்கு எழுதாதே. புதுக் காலண்டர் ஒன்று அனுப்பு. அடுத்த வருடம் முதல் குரலை மாறி மாறிப் பாடலாம் என்று அவளிடம் கிசுகிசுத்தேன், அதற்குமேல் குரல் வரவில்லை. சாற்றில் உப்பு குறைவு. அதைச் சொல்லவில்லை.