பதினாறாம் நாகலிங்கம்

கூட்டத்தில் பேச வேண்டிய பேராசிரியர் வரமாட்டார் என்ற செய்தி வந்தபோது நாகலிங்கம் புதுப் பட்டு வேட்டியைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் சரியில்லையாம், சென்னையிலிருந்து கப்பலே கிளம்பவில்லையாம். தீவூரான மாயாபந்தரின் நீலக்கடல் தமிழ் மன்றம் அந்தப் பெரிய மனிதருக்கு எடுத்துக் கொடுத்திருந்தது கப்பலின் அடித்தட்டில் மலிவான பங்க் டிக்கெட். மன்றத்தின் தலைவர் மட்டும், அதாவது நாகலிங்கம், எப்போதும் விமானத்தில்தான் போய் வருவார். மன்ற வேலையாகத்தான் போகிறார் என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதியிருக்கும்.

அந்தப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு பதினாறு வருடமாக அவர் பின்னால் நடக்கிற செயலாளர் பழனிசாமிதான் செய்தியைக் கொண்டுவந்திருந்தார்.

"மீட்டிங்கைத் தள்ளி வச்சுரலாமா தலைவரே?"

"பாகல் ஹை க்யா நீ? பைத்தியமா?" என்றார் நாகலிங்கம்.

அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்தது வெறும் பேச்சுக் கூட்டம் இல்லை, ஆண்டுப் பொதுக்குழு. அதில்தான் அவரை ஆயுட்காலத் தலைவராக்கும் தீர்மானம் நிறைவேற வேண்டும். அடுத்த மாதம் தேர்தல் வைத்தே தீரவேண்டும் என்று இளவட்டங்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். தேர்தல் என்று வந்தால் தன் வீட்டு ஓட்டைத் தவிர வேறு எதுவும் விழாது என்பது நாகலிங்கத்துக்கே தெரியும். பதவி போனால் மன்றக் கல்யாண மண்டபம் போச்சு, மேடை நாற்காலி போச்சு, எல்லாவற்றுக்கும் மேலாக மன்றத்தின் கடிதத்தாள் போச்சு. மே மாதம் சென்னைக் கப்பல் டிக்கெட்டுக்கு ஊரே விடியற்காலையில் வரிசையில் நிற்கும்போது, அவர் மச்சினன் குடும்பம் கேபினில் படுத்துக்கொண்டு போவது அந்தக் கடிதத்தாளின் மகிமையால்தான்.

ஆகவே தானே பேசிவிடுவது என்று முடிவு செய்தார். பேராசிரியர் கொடுத்த தலைப்பு அழைப்பிதழில் அச்சாகியிருந்தது: 'பிரான்சு மன்னனை மக்கள் எதிர்த்தது ஏன்?' நாகலிங்கத்துக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை. எந்த ஊர் மன்னனுக்கு என்ன ஆனால் அவருக்கென்ன.

ஒரே ஒரு சங்கடம். தமிழ் மன்றத் தலைவருக்குத் தமிழ் படிக்க வராது. இந்தி மீடியத்தில் எட்டாவது வரை போனவர். வீட்டில் பேசுகிற தமிழ் உண்டு, அதில் பாதி இந்தி. ஊருக்கெல்லாம் தெரிந்த இந்த விஷயத்தை அவர் மட்டும் ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் போனைத் தட்டி இந்தியிலேயே ஒரு பேச்சைத் தேடிப் பிடித்தார். மனைவி விஜயகுமாரியை உட்காரவைத்துப் பேசிக் காட்டினார். அந்த அம்மாளும் கண் கலங்கினாள். பழனிசாமிதான் குறுக்கே விழுந்தார். தமிழ் மன்றத்தில் தலைவர் இந்தியில் பேசினால் இளவட்டங்கள் வீடியோ எடுத்து டிக்லிபூர் வரைக்கும் அனுப்பிவிடுவார்கள் என்றார்.

சரி, மனப்பாடம் செய்துவிடலாம் என்று பார்த்தார். பழனிசாமி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல, இவர் திருப்பிச் சொன்னார். அரை மணி நேரத்தில் பிரான்சு மன்னன் வெள்ளைக்காரனை எதிர்த்துக் காலாபானி ஜெயிலுக்கு வந்து சேர்ந்துவிட்டான்.

வேறு வழியில்லாமல் அன்பழகனைத் தேடிப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார், மூன்று வருடமாக மன்ற உறுப்பினர். போன மே மாதம் ஊரில் அப்பா சாகக் கிடக்கிறார், ஒரு டிக்கெட்டுக்குக் கடிதம் கொடுங்கள் என்று இவர் வாசலில் வந்து நின்றவர். "லைஃப் மெம்பரா நீங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டார் நாகலிங்கம். அந்த மனிதர் கருமாதிக்குத்தான் போய்ச் சேர்ந்தார். வயிறு எரிந்திருக்காதா? ஆனால் நாகலிங்கத்துக்கு அதெல்லாம் நினைவிலேயே இல்லை.

அன்பழகன் முகம் சுளிக்காமல் ஒப்புக்கொண்டார். மறுநாளே நாலு பக்கம் எழுதி நீட்டினார். கண்ணாடி சரியில்லை, இந்தி எழுத்தில் போட்டுத் தாருங்கள் என்றார் நாகலிங்கம். போட்டுத் தந்தார். தமிழ் ரொம்ப லேசாக இருக்கிறது, கேட்கிறவன் வாயைப் பிளக்க வேண்டாமா என்றார். அதையும் கனமாக்கித் தந்தார். பேச்சோடு பேச்சாகத் தீர்மானத்தையும் கடைசியில் சேர்த்துவிட்டால் கேள்வி கேட்க எவனுக்கும் நேரம் இருக்காது என்றார். அதுவும் சேர்ந்தது.

"அர்த்தம் ஒரு தடவ சொல்லட்டுங்களா ஐயா?"

"நஹி நஹி மாஸ்டர்ஜி, எல்லாம் புரியுது."

பக்கத்து அறையில் விஜயகுமாரி கண்ணாடி முன் நின்று, தனக்கென்று எழுதித் தந்த ஒற்றை வரியை உருப்போட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்தது. முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள் சோபாவில். சந்தா கட்டாதவர்கள் அவர்கள்தான், மின்விசிறியும் அவர்கள் தலைக்கு மேலேதான். சந்தா கட்டுகிறவர்கள் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் வேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாகலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுத்தெழுத்தாக, விரல் வைத்துப் படித்தார்.

"அந்நாட்டில் மாந்தர் முப்படியினர். முதலிரு படியினர் இறை செலுத்தார். மூன்றாம் படியினரே அனைவர் பொருட்டும் செலுத்துவர்."

இறை என்றால் வரி என்று தெரிந்த பின்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. எல்லோர் கண்ணும் சோபாவுக்குப் போய்த் திரும்பியது.

விளைச்சல் பொய்த்து, கோதுமை அருகி, ரொட்டிக்காகப் பெண்கள் விடியுமுன் வரிசையில் நின்றதைப் படித்தார். கப்பல் டிக்கெட் வரிசையில் கால் வலிக்க நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்வியும் திறமும் உடையோர் பெருகினர், அவையில் அவர்க்கு இருக்கை மட்டும் இல்லை என்று படித்தார். இளவட்டங்கள் கை தட்டினார்கள். கஜானா காலியான பிறகும் அரண்மனையில் விருந்து குறையவில்லை என்று படித்தார். பொங்கல் விழாவில் முதல் பந்திக்குப் பாயசமும் கடைசிப் பந்திக்கு ரசமும் கண்டவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

நாகலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. பதினாறு வருடத்தில் இவனுங்க இப்படித் தட்டினதே இல்லையே.

"அரசியோவெனில், உணவற்றோர்க்கு அவர் கைக்கெட்டாததை உண்ணப் பணித்தாள் என்று ஊர் உரைத்தது."

கடைசி வரிசையில் நீலாவதி பொத்துக்கொண்டு சிரித்தாள். கப்பல் நிற்கும் ஜெட்டி அருகே டிபன் கடை வைத்திருப்பவள். போன மழைக்காலத்தில் இரண்டு வாரம் கப்பல் வராமல் ஊரே வெங்காயத்துக்கு அலைந்தபோது, "வெங்காயம் இல்லாட்டி என்ன, எறா வாங்கித் தின்னுங்களேன்" என்று விஜயகுமாரி சொன்னது அவள் கடை வாசலில்தான். விஜயகுமாரி சோபாவிலிருந்து பெருமையாகத் திரும்பி, இன்னும் தட்டுங்கள் என்று கையால் சைகை காட்டினாள்.

கடைசிப் பக்கம் வந்தது. தீர்மானம் ஒரே வாக்கியம், மூச்சு விட இடமில்லை. 'ஆதலின்' என்று தொடங்கியது, இடையில் 'ஆயுட்காலம்' என்ற சொல் வந்தபோது நாகலிங்கத்தின் முகம் மலர்ந்தது, 'கடவது' என்று முடிந்தது. ஒப்புதல் உள்ளோர் கரம் உயர்த்துக என்ற கடைசி வரியையும் படித்துவிட்டு, முன்மாதிரியாக முதலில் தன் கையையே உயர்த்தினார்.

பின்வரிசை முழுக்கக் கை உயர்ந்தது. தலைவரே தூக்கிவிட்டாரே என்று சோபாவிலும் உயர்ந்தது. கமிட்டியில் தமிழ் படித்த இரண்டு பேர் மட்டும் மிரண்டுபோய்ப் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். அங்கிருந்த கூட்டத்தைப் பார்த்ததும் அவர்களும் தூக்கினார்கள். விஜயகுமாரி எழுந்து, மூன்று நாள் உருப்போட்ட வரியைத் தடுமாறாமல் சொன்னாள்:

"இதனை நான் மனமுவந்து வழிமொழிகிறேன்."

அப்போது எழுந்த ஆரவாரத்தை மாயாபந்தர் அதற்கு முன் கேட்டதில்லை. நாகலிங்கத்துக்குக் கண்ணே நிறைந்துவிட்டது. பாவி ஜனங்கள், இவர்களுக்குத் தன்மேல் இவ்வளவு பிரியமா என்று நினைத்தார். பின்வரிசையில் பலர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் மின்விசிறியின் கீழ் வந்து உட்கார்ந்தார்கள். தன்னைக் கிட்டத்தில் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று எல்லோரையும் கும்பிட்டார்.

மேடை ஓரத்தில் பழனிசாமி நாற்காலி போட்டு உட்கார்ந்து மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தார். தலைவர் எதிரில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நாகலிங்கம் மகிழ்ச்சியில் அதைக் கவனிக்கவில்லை.

"ஏய்யா பழனிசாமி, மாலை எங்க? ஆயுட்காலத் தலைவர்னு போர்டு எப்ப எழுதப் போறே?"

பழனிசாமி எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்து, பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"ஒங்கள பதவிய விட்டு நீக்கியாச்சுண்ணே, முன்மொழிஞ்சது நீங்க, வழிமொழிஞ்சது அண்ணி."